"யேஷு எங்களவர் இல்ல"ன்னு பாட்டி புஸ்தகத்த மூடிட்டாங்க

கேள்வி: ஐயா, எனக்கு சொந்த ஊரு கன்னியாகுமரி மாவட்டம். ரெண்டு வருஷமா இஸ்ரேல்ல ஹைஃபாவுல கேர்கிவர் வேலை பாக்குறேன். நான் பாத்துக்கிற பாட்டிக்கு 88 வயசு, ருமேனியாவுல பொறந்தவங்க, எம்மேல ரொம்ப பிரியம். ராத்திரி அவங்க எபிரேயுல சங்கீதம் வாசிப்பாங்க, நான் பக்கத்துல ஒக்காந்து அதே சங்கீதத்த தமிழ்ல வாசிப்பேன். போன மாசம் 22ம் சங்கீதம் வந்தப்போ, இது இயேசப்பாவ பத்திதானேன்னு எனக்குத் தெரிஞ்ச அரைகுறை எபிரேயுல சொல்லிட்டேன். பாட்டி புஸ்தகத்த மூடிட்டு "யேஷு, லோ ஷெலானு"ன்னாங்க. எங்களவர் இல்லன்னு அர்த்தம். மறுநாள் குளிப்பாட்டும்போது கழுத்துல இருக்கிற சிலுவை செயின கழட்டிடுன்னுட்டாங்க. அழுகையா வருது. ஊர்ல பாஸ்டர்கிட்ட கேட்டா அவங்க கண்ண முக்காடு மூடியிருக்கு, ஜெபம் பண்ணுங்கன்றாரு. யூடியூப்ல ஒருத்தர் யூதங்க புஸ்தகத்துல இயேசுவ கேவலமா திட்டியிருக்குன்றாரு. ஒரே பைபிள வெச்சிருந்தும் இவங்க ஏன் ஏத்துக்கல? பாட்டி கண்ண மூடுறதுக்குள்ள சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கா இல்லையா?

பதில்:

சகோதரி, உங்க லெட்டர மூணு தடவ வாசிச்சேன். நான் இறையியல் கல்லூரியில பழைய ஏற்பாடும் எபிரேயும் இருபத்தஞ்சு வருஷமா சொல்லிக் கொடுக்கிறவன், நடுவுல கொஞ்ச காலம் எருசலேம்ல தங்கிப் படிச்சவன், அதனால பதில் கொஞ்சம் வாத்தியார்த்தனமாத்தான் வரும், பொறுத்துக்கங்க.

அன்னிக்கு ராத்திரி ரெண்டு பேரும் ஒரே சங்கீதத்த வாசிச்சோம்னு நினைக்கிறீங்க இல்லயா, வாசிக்கல. உங்க தமிழ் பைபிள்ல 22ம் சங்கீதம் 16ம் வசனம் "என் கைகளையும் என் கால்களையும் உருவக் குத்தினார்கள்"னு இருக்கும், நமக்கு அத வாசிச்ச ஒடனே ஆணியும் சிலுவையும் கண்ணு முன்னாடி வந்துடும். பாட்டி கையில இருந்ததுல அது 17ம் வசனம், ஏன்னா அவங்க மேல இருக்கிற தலைப்பையும் ஒரு வசனமா எண்ணுவாங்க. அங்க இருக்கிற வார்த்தை "காஅரி", அப்படின்னா சிங்கத்தப் போல. பொல்லாதவங்க கூட்டம் சிங்கம் மாதிரி என் கையையும் காலையும் வளைச்சுகிச்சுன்னு அவங்க வாசிப்பாங்க, குத்துனதும் இல்ல ஆணியும் இல்ல. ஒரே ஒரு எழுத்துதான் பிரச்சினை. யோத்னு ஒரு குட்டிக் கோடு, அதையே கொஞ்சம் கீழ இழுத்துட்டா வாவ்னு வேற எழுத்து. இயேசுவுக்கு முன்னாடியே யூதங்களே பண்ணுன கிரேக்க மொழிபெயர்ப்புல "தோண்டினாங்க"ன்னு வருது, யூதேயா பாலைவனத்துக் குகையில கிடைச்ச ஒரு பழைய தோல் துண்டுலயும் வாவ் மாதிரிதான் தெரியுது, ஆனா வாவ் போட்டாலும் அந்த வார்த்தைக்கு எபிரேயுல ஒழுங்கான அர்த்தம் வரல, அதனால அறிஞர்கள் இன்னிக்கும் அடிச்சிக்கிட்டுதான் இருக்காங்க. அப்ப யாரோ ஒருத்தர் வேணும்னே மாத்திட்டாங்கன்னு ரெண்டு பக்கமும் சொல்லிக்கிறது அவ்வளவு சுலபமா நிக்காது.

இன்னொண்ணு, அந்த சங்கீதத்த அவங்க யார நினைச்சு வாசிப்பாங்கன்னு தெரியுமா? எஸ்தர. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்"ன்றத, அழைப்பு இல்லாம ராஜாவோட அரண்மனைக்குள்ள உயிர கையில புடிச்சிக்கிட்டு போன எஸ்தர் சொன்னதா தல்மூத்ல, அதாவது யூத வேத அறிஞர்களோட பழைய விவாதங்களத் தொகுத்த புஸ்தகத்துல, வெச்சிருக்காங்க. ஒரு இனத்தையே ஒரே நாள்ல அழிச்சிடுன்னு ஆர்டர் போட்ட கதை அது. ஐரோப்பாவுல இருந்து வந்த 88 வயசு பாட்டிக்கு அத வாசிக்கும்போது என்ன ஞாபகம் வரும்னு யோசிச்சுப் பாருங்க. அந்த எடத்துல நீங்க வேற ஒரு பேர சொல்லிட்டீங்க. உங்க மேல தப்பு இல்ல, நமக்கு சின்ன வயசுல இருந்து அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க.

"ஒரே பைபிள்"ன்றதயும் கொஞ்சம் சரிபண்ணிக்குவோம். பழைய ஏற்பாடுன்னு அவங்க சொல்ல மாட்டாங்க, பழசுன்னா புதுசு வந்து அத ஒதுக்கிடுச்சுன்னு ஆயிடுமே, தனாக்னு சொல்வாங்க. புஸ்தகங்க ஏறக்குறைய அதேதான், வரிசைதான் வேற. நம்மளுது மல்கியாவுல முடியுது, எலியாவ அனுப்புறேன்னு சொல்லிட்டு நிறுத்திடுது, அடுத்த பக்கத்த திருப்புனா மத்தேயு, அதாவது "வரப்போறாரு"ன்னு முடிஞ்சு "வந்துட்டாரு"ன்னு ஆரம்பிக்குது. அவங்களுது ரெண்டாம் நாளாகமத்துல முடியுது, பாரசீக ராஜா கோரேசு ஆர்டர் போடுறாரு, எருசலேம்ல ஆலயம் கட்டணும், உங்கள்ல எவனுக்கு விருப்பமோ அவன் ஏறிப் போகட்டும்னு. அவ்வளவுதான், புஸ்தகம் முடிஞ்சுது. வீட்டுக்குத் திரும்பிப் போறதுதான் அவங்க கதையோட கடைசி வரி.

இப்ப உங்க பெரிய கேள்வி, ஏன் ஏத்துக்கல. நாம மேசியான்னு சொல்லும்போது பாவத்துல இருந்து ரட்சிக்கிறவர்னு சொல்றோம். யூதங்களுக்கு மேசியான்னா தாவீது வம்சத்துல வர்ற ஒரு ராஜா, மனுஷன். வந்தா உலகம் மாறணும், கண்ணுக்குத் தெரியுற மாதிரி மாறணும். 12ம் நூற்றாண்டுல மைமோனிடெஸ்னு ஒரு பெரிய ரப்பி, அதாவது யூத மத குரு, எகிப்துல சுல்தான் அரண்மனைக்கே வைத்தியரா இருந்தவரு, சட்டப் புஸ்தகத்துல வக்கீல் மாதிரி எழுதி வெச்சிட்டாரு: வந்தவரு ஆலயத்த அதோட எடத்துல கட்டி, சிதறிக் கெடக்கிற இஸ்ரவேல கூட்டிச் சேத்தா அவருதான் மேசியா, ஜெயிக்கல இல்லன்னா கொல்லப்பட்டுட்டாருன்னா அவரு இல்ல. இது இயேசுவுக்குன்னு தனியா வெச்ச ரூல் இல்ல. கி.பி. 132ல பார் கோக்பான்னு ஒருத்தர் ரோமருக்கு எதிரா கெளம்புனப்போ ரப்பி அகிபா மாதிரி மகா பெரிய ஆளே இவர்தான் மேசியான்னாரு, 135ல ரோமர் நசுக்குனாங்க, அகிபாவையும் கொன்னாங்க, யூதங்க சரி நம்ம ஆளு தப்பா சொல்லிட்டாருன்னு நகந்துட்டாங்க. அகிபாவ இன்னிக்கும் தலைல தூக்கி வெச்சிருக்காங்க, பார் கோக்பாவ மேசியாவா யாரும் நினைக்கல. நம்ம பக்கம் என்ன சொல்வோம், மீதியெல்லாம் ரெண்டாம் வருகையில நடக்கும்னு. அவங்க காதுக்கு அது பாதி வேலைய செஞ்சிட்டு முழு பில்லு போட்ட மாதிரி கேக்கும், அவ்வளவுதான் விஷயம்.

இதயே ராஜா முன்னாடி நின்னு சொன்னவர் ஒருத்தர் இருக்காரு, அவரப் பத்தி கிளாஸ்ல பேச ஆரம்பிச்சா பெல் அடிக்கிறதே எனக்குக் கேக்காது. 1263 ஜூலை, ஸ்பெயின்ல பார்சலோனா, அரகோன் ராஜா முதலாம் ஜேம்ஸோட அரண்மனை. கிறிஸ்தவரா மாறி டொமினிக்கன் துறவியான பாப்லோ கிறிஸ்தியானின்ற ஒரு யூதர் ஒரு பக்கம், இன்னொரு பக்கம் ஜிரோனா ஊரு ரப்பி நாக்மனிடெஸ். மேசியா வந்துட்டாரா இல்லையான்னு வாதம். ரப்பி என்ன சொன்னாருன்னா, ஜாதிக்கு விரோதமா ஜாதி பட்டயம் எடுக்க மாட்டாங்க, இனி யுத்தத்தக் கத்துக்க மாட்டாங்கன்னு ஏசாயா எழுதியிருக்காரு, ஆனா நாசரேத்து இயேசு வந்த நாள்ல இருந்து இன்னி வரைக்கும் உலகம் முழுக்க வன்முறைதான், ராஜாவே, யுத்தமே கத்துக்கக் கூடாதுன்னா உங்களுக்கும் உங்க வீரர்களுக்கும் எவ்வளவு கஷ்டமா இருக்கும்! ராஜாவோட மூஞ்சிக்கு நேரா. அப்புறம், வானத்தையும் பூமியையும் உண்டாக்குனவர் ஒரு பொண்ணு வயித்துல இருந்து பொறந்து எதிரிங்க கையில செத்தாருன்றத எந்த யூதன் புத்தியும் ஏத்துக்காது, நீங்க பொறந்ததுல இருந்து பாதிரியாருங்க சொல்லிச் சொல்லிப் பழகிட்டீங்கன்னாரு. அவரே எழுதி வெச்ச குறிப்புப்படி ராஜா அவருக்கு முந்நூறு காசு குடுத்து அனுப்புனாரு. ஆனா அந்தக் குறிப்ப எழுதுனதுக்கே தேவதூஷணம்னு துறவிங்க கேஸ் போட்டு, எழுபது வயசுக்கு மேல ஊர விட்டுட்டு, 1267ல எருசலேமுக்கு வந்து சேந்தாரு.

அவர் சொன்ன ரெண்டாவது விஷயம்தான் ஆழமானது. பாட்டி தூங்கப் போறதுக்கு முன்னாடி ஒரு கையால கண்ண மூடிக்கிட்டு "ஷெமா இஸ்ராயேல்"னு முணுமுணுப்பாங்களே கேட்டிருக்கீங்களா? நம்ம உபாகமம் 6:4, "இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்". சாகும்போது கடைசியா வாயில இருக்க வேண்டிய வார்த்தை அது, அகிபா அத சொல்லிக்கிட்டேதான் செத்தாருன்னு சொல்வாங்க. மேசியான்னு ஒருத்தர தப்பா நம்புறது அவங்களுக்கு தப்புக் கணக்கு, அவ்வளவுதான். மனுஷன தேவன்னு கும்பிடுறதுதான் தாண்டக் கூடாத கோடு. இதுல நீங்க கவனிக்க வேண்டியது, எல்லாத்துலயும் பெரிய கற்பனை எதுன்னு கேட்டப்போ இயேசு மொதல்ல சொன்னதும் இதே வசனம்தான், மாற்கு 12:29 எடுத்துப் பாருங்க. பெரும்பாடுள்ள ஸ்திரீ அவரோட "வஸ்திரத்தின் ஓரத்தை" தொட்டான்னு வாசிக்கிறோமே, அது நம்ம ஊரு வேட்டிக் கரை மாதிரி இல்லீங்க, பக்தியுள்ள யூத ஆம்பளைங்க சட்டைக்குக் கீழ நூல் நூலா தொங்கும், நீங்க பஸ்ல தெனமும் பாக்குறீங்க, அதுதான். போன நூறு வருஷமா யூத அறிஞர்களே இந்த இயேசுவத் தேடி எழுதிட்டாங்க. 1922ல எருசலேம்ல இருந்து யோசேப் கிளவுஸ்னர் எபிரேயுலயே அவரோட வாழ்க்கைய எழுதுனாரு, மார்ட்டின் பூபர்ன்ற யூத தத்துவ அறிஞர் அவர என் பெரிய அண்ணன்னு சொன்னாரு. அண்ணன்னுதான் சொன்னாரு, ஆண்டவர்னு சொல்லல, அந்த வித்தியாசத்த அவரு கடைசி வரைக்கும் விடல.

யூடியூப்காரர் சொன்ன விஷயத்துக்கு வரேன். தல்மூத்ல கடுமையான வரிங்க இருக்கு, இல்லன்னு பூசி மெழுக மாட்டேன். பஸ்கா பண்டிகைக்கு முந்தின நாள் யேஷுவ தூக்குல போட்டாங்க, சூனியம் பண்ணி இஸ்ரவேல வழிதப்ப வெச்சாருன்னு குற்றம்னு ஒரு எடத்துல வருது, அதவிட மோசமா ஒண்ணு ரெண்டு எடமும் இருக்கு. ஆனா அது 2,711 தாள் உள்ள ஒரு கடல், அதுல இந்த மாதிரி வரிங்க அங்கொண்ணு இங்கொண்ணு, சிலது இயேசுவப் பத்தித்தானான்னே சண்டை. சபை அதிகாரத்துல இருந்த நாடுங்கள்ல தணிக்கை பண்ணி எடுத்துட்டாங்க, நிறைய யூதங்க அந்த வரிங்கள பாத்ததே இல்ல. 1240ல பாரிஸ்ல தல்மூத்து மேல விசாரணை நடத்தி, 1242ல வண்டி வண்டியா இருபத்தி நாலு வண்டி கையெழுத்துப் பிரதிய நடுத்தெருவுல கொளுத்துனாங்க, அச்சு இல்லாத காலம், ஒவ்வொண்ணும் கையால எழுதுனது. திருப்பி அடிக்க முடியாதவன் வீட்டுக்குள்ள ஒக்காந்து கிண்டல் பண்ணுவான், இயேசுவ நக்கல் பண்ற கதைங்களும் அப்படி அவங்களுக்குள்ள சுத்துச்சு. யேஷுன்ற பேரயே "அவன் பேரும் நினைவும் அழியட்டும்"ன்றதோட சுருக்கம்னு சிலர் விளையாடுனாங்க. ஆனா இன்னிக்கு இஸ்ரேல்ல ஸ்கூல் புஸ்தகத்துலயே யேஷுதான், பாட்டி திட்டணும்னு சொல்லியிருக்க மாட்டாங்க, அவங்களுக்குத் தெரிஞ்ச பேரு அது. எபிரேயு பேசுற கிறிஸ்தவங்க யேஷுவான்னு சொல்வாங்க, நம்ம யோசுவாவோட சின்னப் பேரு.

சிலுவை செயினு. இதுலதான் நீங்க ரொம்ப உடைஞ்சு போயிட்டீங்க, எனக்குப் புரியுது. பாட்டி ருமேனியாவுல எந்த ஊரு, சின்ன வயசுல என்ன பாத்தாங்கன்னு நீங்க எழுதல, நான் ஊகிக்கவும் மாட்டேன். ஆனா அந்த நாட்டுல யூத வெறுப்ப பெரிய இயக்கமா வளத்தது "பிரதான தூதன் மிகாவேலின் படை"ன்னு பேரு வெச்ச ஒரு கும்பல், 1927ல ஆரம்பிச்சுது, பச்சை சட்டை, சொரூபம், ஊர்வலம், கூடவே பாதிரியாருங்க. 1941 ஜூன் கடைசியில யாஷ்ன்ற ஊர்ல ராணுவம், போலீஸ், ஜனங்க, ஜெர்மன்காரங்க எல்லாம் சேந்து 13,000 பேருக்கு மேல கொன்னாங்க, அதுல ஆயிரக்கணக்கான பேரு அடைச்சு வெச்ச கூட்ஸ் வண்டியில மூச்சு முட்டி தண்ணியில்லாம செத்தாங்க. அதுக்கு முந்தின நாளுங்கள்ல கிறிஸ்தவங்க வீட்டுக் கதவுல ஜன்னல்ல சிலுவைய போட்டு, இங்க கிறிஸ்தவங்க இருக்காங்கன்னு எழுதி வெச்சாங்க. அதாவது சிலுவை இல்லாத வீட்டுக்குள்ள போகலாம்னு அர்த்தம். உங்களுக்கு அது அம்மா கட்டிவிட்ட செயினு. அந்தத் தலைமுறைக்கு அது கதவுல இருந்த அடையாளம். நான் எருசலேம்ல தங்கியிருந்த வீட்டுல சின்னப் பையனோட கணக்கு நோட்ட ஒருநாள் எட்டிப் பாத்தேன், கூட்டல் குறிக்கு கீழ் கால் இல்ல, தலைகீழா வெச்ச டி மாதிரி இருந்துச்சு. அச்சுப் பிழைன்னு நினைச்சேன். சிலுவை மாதிரி தெரியக் கூடாதுன்னு பல ஸ்கூல்ல அப்படித்தான் எழுதுவாங்களாம், கணக்குல கூட!

இதெல்லாம் யாரோ ஐரோப்பாக்காரன் பண்ணுனது நமக்கென்னன்னு கேக்கலாம். அவங்ககிட்ட இருந்துதான் நமக்கு சண்டே ஸ்கூல் பாடம் வந்துச்சு. இயேசுவ கொன்னது யூதங்கன்னு நானும் சின்ன வயசுல மனப்பாடமா சொல்லியிருக்கேன், சிலுவைல அறையிறது ரோமரோட தண்டனை, தீர்ப்புல கையெழுத்து பிலாத்துவோடது. அன்னிக்கு இருந்த யூதங்க எல்லார் மேலயும், இன்னிக்கு இருக்கிறவங்க மேலயும் அந்தப் பழியப் போடக் கூடாதுன்னு கத்தோலிக்க சபை சொன்னது 1965 அக்டோபர்ல. 1543ல யூதங்களோட ஜெப ஆலயத்தக் கொளுத்துங்கன்னு லுத்தர் எழுதுனத அமெரிக்க இவாஞ்சலிக்கல் லுத்தரன் சபை வெளிப்படையா நிராகரிச்சது 1994ல. லேட்டுதான். உங்க பாஸ்டர் சொன்ன முக்காடு பவுல் எழுதுனது, ஆனா ஐரோப்பாவுல அத செலையாவே வடிச்சிட்டாங்க, ஸ்ட்ராஸ்பர்க் கதீட்ரல் வாசல்ல கண்ணக் கட்டிவிட்ட ஒரு பொண்ணு, கையில ஒடைஞ்ச ஈட்டி, அதுதான் யூத மதமாம். அதே பவுல் ரோமர் 11ல தேவன் அவங்களத் தள்ளிவிடல, நீ வேரைச் சுமக்கல, வேர்தான் உன்னைச் சுமக்குதுன்னும் எழுதியிருக்காரு, அதுக்கு யாரும் செலை வைக்கல.

அவங்க பக்கமும் எல்லாரும் ஒரே மாதிரி பேசல. மைமோனிடெஸ் நம்ம மதத்த விக்கிரக ஆராதனைன்னே சொன்னாரு, ஆனா தூரத் தீவு வரைக்கும் தோரான்ற மோசேயோட சட்டத்தையும் மேசியாவையும் பத்திப் பேச வெச்சதுக்கு இயேசுவும் ஒரு வழின்னும் அவரே எழுதுனாரு. 18ம் நூற்றாண்டுல ஜெர்மனியில யாக்கோப் எம்டன்னு ஒரு ரப்பி, அவரு இயேசு உலகத்துக்கு ரெட்டை நன்மை செஞ்சாருன்னாரு, மோசேயோட தோராவ பலப்படுத்துனாரு, மத்த ஜனங்ககிட்ட இருந்து விக்கிரகத்த எடுத்துட்டாருன்னு. இயேசுவ யூதன் கும்பிட்டா தப்பு, பொறத்தியார் கும்பிட்டா தப்பில்லன்னு சொல்ற ரப்பிங்க நிறைய பேரு. பாட்டி கண்ணுல நீங்க பாவி இல்ல சகோதரி, வேற வழியில வர்ற பொண்ணு. ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக்னு ஒரு ஜெர்மன் யூதர், சொந்தக்காரங்க மாதிரியே தானும் 1913ல ஞானஸ்நானம் எடுக்கிறதா முடிவு பண்ணி, கடைசியில யூதராவே இருந்துட்டாரு. "என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்"ன்ற வசனத்த வெச்சே அவரு எழுதுனாரு, சரிதான், ஆனா ஏற்கெனவே பிதாகிட்ட இருக்கிறவன் எதுக்கு வரணும்?

கடமைக்கு வரேன். நீங்க இருக்கிற ஹைஃபாவுலயே, கர்மேல் மலை மேல ஸ்டெல்லா மாரிஸ் மடம் இருக்கே, அங்க டேனியல்னு ஒரு துறவி இருந்தாரு, பொறந்த பேரு ஓஸ்வால்ட் ரூஃபைசன். போலந்து யூதர், யுத்த காலத்துல ஜெர்மன் போலீசுக்குள்ளயே மொழிபெயர்ப்பாளரா வேலை செஞ்சு மீர்ன்ற ஊர்ல யூதங்கள அடைச்சு வெச்சிருந்த கெட்டோவுல இருந்து நூத்துக்கணக்கான யூதங்கள தப்ப வெச்சவரு, கன்னியர் மடத்துல ஒளிஞ்சிருந்தப்போ கிறிஸ்தவரா ஆனாரு. யூதர்ன்ற உரிமையில குடியுரிமை கேட்டப்போ 1962ல இஸ்ரேல் சுப்ரீம் கோர்ட்டு இல்லன்னுடுச்சு. கடவுளே இல்லன்றவன் யூதனா இருக்கலாம், இயேசுன்னு சொன்னா வெளிய. ஏன்னா நூற்றாண்டு நூற்றாண்டா அந்தப் பேரச் சொல்றது சொந்த ஜனத்த விட்டுட்டு அடிக்கிறவன் பக்கம் போறதா இருந்துச்சு. அவ்வளவு செஞ்ச மனுஷனுக்கே அப்படின்னா, குளிக்கிறதுக்கும் மாத்திரைக்கும் உங்க கைய நம்பியிருக்கிற 88 வயசு அம்மாகிட்ட நீங்க ஜெயிக்கிறதுக்கு என்ன இருக்கு? வேண்டான்னு அவங்க எழுந்து போக முடியாது, அதனால நீங்க பிரசங்கம் பண்ணக் கூடாது. அவங்களா கேட்டா ஒளிக்காம சொல்லுங்க. லீவு நாள்ல சர்ச்சுக்குப் போங்க. செயின குளிப்பாட்டுற நேரம் கழட்டி பையில வைங்க, மத்த நேரம் சட்டைக்குள்ள கெடக்கட்டும், அது மறுதலிப்பு இல்ல, பேதுரு பண்ணுனது வேற.

சங்கீதத்த விட்டுடாதீங்க. வெள்ளிக்கிழமை மெழுகுவத்தி ஏத்தி முடிச்சதும் 121 எடுங்க. நம்மளுதுல "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்"னு மலையில இருந்தே ஒத்தாசை வந்துடும். அவங்களுதுல "மேஅயின்"னு ஒரு வார்த்தை இருக்கு, "எங்கேர்ந்து?"ன்னு கேள்வி. அந்த எடத்துல விரல வெச்சு, இதுக்கு என்ன அர்த்தம் பாட்டின்னு கேளுங்க.